அன்னை கஸ்தூரிபாய்

நாட்டுக்காக உழைத்த ஆடவர் பலருடைய வரலாறுகள் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவர்களோடு வாழ்ந்து, அவர்கள் பட்ட துன்பங்களில் பாதியைத் தாமும் சுமந்த மகளிரின் வரலாறோ பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. காந்தியடிகளின் வாழ்க்கைத் துணைவியாராகிய கஸ்தூரிபாய் அம்மையார் அவ்வாறு ஓரிரு வரிகளில் அடங்கத் தக்கவர் அல்லர். அவர் கணவர் சென்ற வழியிலே சென்றவர். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு சென்றவர் அல்லர். தமக்குத் தவறென்று பட்டதை மறுத்துரைத்து, உள்ளம் ஒப்பிய பின்னரே அடியெடுத்து வைத்தவர். வெறுப்பின்றி எதிர்த்து நிற்பது எவ்வாறு என்னும் பாடத்தைத் தம் மனைவியாரிடமே தாம் முதலில் கற்றதாகக் காந்தியடிகள் பிற்காலத்தில் கூறியதுண்டு. உலகுக்கே அறப்போரைக் கற்பித்த ஒருவருக்கு ஆசிரியராக விளங்கிய அவ்வம்மையாரின் வரலாறு நாம் அனைவரும் அறியத் தக்கது.

பிறப்பும் மணமும்

குஜராத்து நாட்டின் கடற்கரையில் போர்பந்தர் என்னும் துறைமுக நகர் உள்ளது. அந்நகரில் வாழ்ந்த கோகுல்தாஸ் மகன்ஜி என்னும் வணிகரின் மகளாகக் கஸ்தூரிபாய் 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 11-ஆம் நாள் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அதே நகரில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பிறந்தார். இரு குடும்பத்தாரும் நெருங்கிப் பழகியவர்கள். ஆதலின் குழந்தைப் பருவத்திலேயே இருவருக்கும் மணம் உறுதி செய்யப்பட்டது. பதின்மூன்று பதினான்கு வயதில் திருமணமும் நிறைவேறியது. செலவைச் சுருக்கும்பொருட்டு, மோகன்தாசின் தமையனார் ஒருவருக்கும் மற்றோர் உறவினருக்கும் அதே வேளையில் மணம் நடத்தப்பட்டதாம். குழந்தை மணம் அக்காலத்து வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் அவ்வழக்கத்தைக் காந்தியடிகளே வன்மையாகக் கண்டித்தார்.

பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. கஸ்தூரிபாய் எழுத்தறிவு பெறாமலே புகுந்த வீட்டுக்கு வந்தார். மனைவியைப் படிப்பிக்க வேண்டுமென்று இளங்கணவர் விரும்பினார். ஆனால், பெரியோர் முன்னிலையில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதே குற்றமாகக் கருதப்பட்ட வீட்டில் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. கற்பிக்க விரும்பிய அதே கணவர், மனைவியை அடக்கி ஆளவும் விரும்பினார். தம் இசைவு பெறாமல் அவர் எங்கும் செல்லலாகாது என்று கட்டளையிட்டார். கஸ்தூரிபாய் சினந்து பேசவில்லை. அழுது முறையிடவும் இல்லை. கோயிலுக்கும் தோழியர் இல்லங்களுக்கும் செல்ல வேண்டிய போதெல்லாம் வழக்கம்போலச் சென்று வந்தார். குற்றமற்ற செயலுக்கு இசைவு எதற்கு என்பது அவர் கருத்து. கட்டளையிட்டவரே நாளடைவில் தம் பிழையை உணர்ந்தார்.

1885-ஆம் ஆண்டில் பிறந்த முதற்குழந்தை சில நாள்களே உயிர் வாழ்ந்தது. பின்னர் 1888-இல் ஹரிலால் பிறந்தார். அவ்வாண்டிலேயே கணவர் சட்டம் பயில இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கைக்குழந்தையுடன் மூன்று ஆண்டுகள் கஸ்தூரிபாய் ராஜ்கோட்டில் காத்திருந்தார். கணவர் திரும்பி வந்தபின் 1892-இல் மணிலால் பிறந்தார். அடுத்த ஆண்டே கணவர் ஒரு வழக்கின்பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். மீண்டும் பிரிவு, மீண்டும் காத்திருத்தல். மணவாழ்வின் முதற்பகுதி பெரும்பாலும் இவ்வாறே கழிந்தது.

கடல் கடந்த வாழ்க்கை

1896-ஆம் ஆண்டின் இறுதியில் கஸ்தூரிபாய் தம் இரு மைந்தரோடும் நாத்தனாரின் மகனோடும் கணவருடன் தென்னாப்பிரிக்காவுக்குப் பயணமானார். அவர்கள் சென்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தும், பயணிகள் இறங்க விடப்படவில்லை. இந்தியர் வருகையை வெள்ளையர் பலர் எதிர்த்தனர். நோய்த் தடையைக் காரணம் காட்டிக் கப்பல் 23 நாள்கள் கடலிலேயே நிறுத்தப்பட்டது. 1897 சனவரி 13-ஆம் நாள் இறங்க இசைவு கிடைத்தது. கஸ்தூரிபாயும் குழந்தைகளும் முன்னதாக வண்டியேறி, ருஸ்தம்ஜி என்னும் நண்பர் வீட்டை அடைந்தனர். பின்னால் நடந்து வந்த கணவரை ஒரு பெருங்கூட்டம் சூழ்ந்து கல்லால் அடித்தது. காவல்துறைத் தலைவரின் மனைவியார் தம் குடையை விரித்து இடையே புகுந்து காத்திராவிடில், அன்றே அவர் உயிர் போயிருக்கும். குருதி ஒழுக வந்த கணவரை, கஸ்தூரிபாய் அந்நிய மண்ணில் முதல் நாளன்று கண்டார். பின்னர் ராமதாசும், 1900-ஆம் ஆண்டில் தேவதாசும் பிறந்தனர்.

டர்பனில் காந்தியடிகள் வழக்கறிஞராக இருந்தபோது, அலுவலக எழுத்தர்கள் சிலர் அவர் இல்லத்திலேயே தங்கியிருந்தனர். இரவு நேரத்தில் அறைகளில் வைக்கப்படும் கழிவுக் கலங்களைக் காலையில் கணவனும் மனைவியும் தூய்மை செய்தனர். தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றிக் கிறித்தவரான ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். அவருடைய கலத்தை எடுக்கக் கஸ்தூரிபாயின் மனம் ஒப்பவில்லை. பிறந்த வீட்டில் ஊறிய பழக்கம் அவரைத் தடுத்தது. கணவர் எடுப்பதையும் அவரால் பொறுக்க இயலவில்லை. ஆதலின் கண்ணீர் வழிய, கலத்தைக் கையிலேந்திப் படியிறங்கினார். முகமலர்ச்சியோடு செய்ய வேண்டுமென்று கணவர் கடிந்தார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. கணவர் வெகுண்டு, மனைவியின் கையைப் பற்றி இழுத்துச் சென்று, வெளியே தள்ளுவதற்காக வாயிற்கதவைத் திறந்தார். தாய்தந்தையரோ உற்றாரோ இல்லாத அயல்நாட்டில் தாம் எங்கே செல்வது என்றும், இவ்வாறு செய்ய அவருக்கு வெட்கமில்லையா என்றும், பிறர் காணுமுன் கதவைச் சாத்துமாறும் அம்மையார் கண்ணீரோடு கூறினார். காந்தியடிகள் நாணித் தலைகுனிந்து கதவைச் சாத்தினார். இந்நிகழ்ச்சியை அவரே தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். எழுத்தரை இழிவாக எண்ணியது கஸ்தூரிபாயின் குறை. மனைவியைத் தம் உடைமையாக எண்ணியது கணவரின் குறை. இருவரும் தத்தம் குறையை நாளடைவில் வென்றனர்.

1901-ஆம் ஆண்டில் அவர்கள் தாய்நாடு திரும்ப விழைந்தபோது, நண்பர்கள் பொன்னும் மணியும் பரிசாக வழங்கினர். அவற்றுள் கஸ்தூரிபாய்க்கென்றே அளிக்கப்பட்ட விலையுயர்ந்த பொன்னாரமும் ஒன்று. பொதுத் தொண்டுக்குப் பரிசு பெறலாகாது என்று கணவர் எண்ணினார். அம்மையார் அதற்கு எளிதில் உடன்படவில்லை. நாளை வரப்போகும் மருமகளிருக்கு நகை வேண்டாவோ என்று கேட்டார். கணவரின் தொண்டுக்குத் துணையாக இரவும் பகலும் இல்லத்தில் உழைத்தவர் தாமல்லவோ என்றும் கேட்டார். அவ்வினாவில் நியாயம் இருந்தது. இறுதியில் அம்மையார் இசைந்தார்; நகைகள் அனைத்தும் மக்கள் நலத்துக்குரிய பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. பின்னாளில் அம்மையார் நகை எதனையும் விரும்பியதில்லை.

மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று பீனிக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த காலத்தில் அவர் கடும் நோயுற்றார். மயக்க மருந்தின்றியே அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அதனைப் பொறுமையோடு தாங்கினார். உடல் தேறுவதற்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தாக வேண்டுமென்று மருத்துவர் வற்புறுத்தினார். காந்தியடிகள் முடிவை மனைவியாரிடமே விட்டார். தம் நெறிக்கு மாறான உணவை உண்பதினும் கணவரின் மடியில் உயிர் விடுவதே மேல் என்று அம்மையார் உறுதியாகத் தெரிவித்தார். மழை தூறிக்கொண்டிருந்த நாளில், எலும்பும் தோலுமாக இருந்த அவரைக் காந்தியடிகள் பீனிக்சுக்கு அழைத்துச் சென்றார். அங்கே மெல்ல மெல்ல உடல் தேறியது.

சிறை புகுந்த முதற்பெண்டிர்

1913-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள், கேப் மாகாணத்து நீதிபதி சியர்ல் என்பவர் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படி நடவாத, அரசாங்கத்தில் பதிவு செய்யப்படாத மணங்கள் செல்லா என்பது அதன் கருத்து. இதனால், இந்து, இசுலாமிய, பார்சி சமயங்களைச் சேர்ந்த எண்ணற்ற பெண்டிர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். அவர்தம் மக்கள் தந்தையின் சொத்துக்கு உரிமையற்றவராயினர். முப்பது ஆண்டுகள் இல்லறம் நடத்தி, நான்கு மைந்தரை வளர்த்த கஸ்தூரிபாயின் நெஞ்சில் இச்செய்தி வேல்போற் பாய்ந்தது. அறப்போரில் தாமும் கலந்துகொள்வதாக அவர் முன்வந்தார். அவர் உடல்நிலையை எண்ணிக் கணவர் தயங்கினார். மைந்தரும் பிறரும் தாங்கும் சிறையைத் தம்மால் தாங்க இயலாதோ என்று கேட்டு, அம்மையார் அத்தயக்கத்தைப் போக்கினார்.

செப்டம்பர் 15-ஆம் நாள் பீனிக்சிலிருந்து 16 பேர் கொண்ட முதற்படை புறப்பட்டது. அதில் பெண்டிர் நால்வர். அவர்களுக்குத் தலைவி கஸ்தூரிபாய். இசைவின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தமைக்காக அவர்கள் கைது செய்யப்பட்டு, மூன்று திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றனர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்டனர். சிறையுணவு அம்மையாரின் நோன்புக்கு ஒவ்வாதது. பழவுணவு கேட்டார், மறுக்கப்பட்டது. ஐந்து நாள் உண்ணாதிருந்த பின்னரே சிறிதளவு பழம் கிடைத்தது. தண்டனை முடிந்து வெளிவந்தபோது அவர் உடல் அடையாளம் காண இயலாவண்ணம் மெலிந்திருந்தது.

இப்போரில் தமிழ்ப் பெண்டிர் ஆற்றிய பங்கு பெரிது. டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த தமிழ் மகளிர் கைக்குழந்தைகளோடு நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி, அவர்களை வேலைநிறுத்தத்தில் இறங்கச் செய்தனர். பின் சிறை புகுந்தனர். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை என்னும் இளநங்கை சிறையிலே நோயுற்று, விடுதலையான சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். இத்தகைய தியாகங்களின் பயனாக, 1914-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் இந்தியர் மணங்களை ஏற்றது. எழுதப் படிக்க நன்கறியாத ஒரு தாய், ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிய போரில் முன்வரிசையில் நின்றார்.

தாய்நாட்டில் தொண்டு

1915-ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் தாயகம் திரும்பினர். அவ்வாண்டு ஏப்ரலில் இருவரும் சென்னைக்கு வந்தபோது மக்கள் பெருந்திரளாக வரவேற்றனர். தென்னாப்பிரிக்காவில் உடன் துன்புற்றோரின் உறவினர்களைக் காண, அப்பயணத்தில் காந்தியடிகள் தில்லையாடிக்கும் சென்றார்.

அகமதாபாத்தில் ஆசிரமம் அமைந்த சில திங்களில், தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த தூதாபாய் என்பவர் தம் மனைவியோடும் லட்சுமி என்னும் பெண் குழந்தையோடும் அங்கே வந்து சேர்ந்தார். ஆசிரமத்தாருட் சிலர் முணுமுணுத்தனர்; பொருளுதவி செய்தோர் கைவிட்டனர். கஸ்தூரிபாய்க்கும் முதலில் மனத்தாங்கல் இருந்தது. பழைய பழக்கத்தின் வேர் அவ்வளவு எளிதில் அறுவதன்று. ஆயினும் அவர் தம்மோடு தாமே போராடி வென்றார். அக்குழந்தை லட்சுமி பின்னர் அவ்வில்லத்து மகளாகவே வளர்ந்தாள். டர்பனில் கண்ணீரோடு படியிறங்கிய அம்மையார் இங்கே வேறொருவராக விளங்கினார்.

1917-ஆம் ஆண்டில் பீகாரைச் சேர்ந்த சம்பாரனில், அவுரிப் பயிரிடும் உழவர்களுக்காகக் காந்தியடிகள் தொண்டாற்றினார். கஸ்தூரிபாய் அங்குள்ள சிற்றூர்களுக்குச் சென்று, மகளிர்க்குத் தூய்மையைப் பற்றி எடுத்துரைத்தார். அழுக்கடைந்த ஆடை உடுத்திய ஒரு பெண்ணிடம், துவைத்து உடுத்தலாகாதோ என்று வினவினார். அப்பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று, பெட்டியோ மாற்றுடையோ இல்லாத வெறுஞ் சுவர்களைக் காட்டினாள். உடுத்தியிருப்பது ஒன்றே தன் ஆடை என்றும், மற்றொன்று கிடைத்தால் நாள்தோறும் நீராடித் துவைத்து உடுத்துவதாகவும் கூறினாள். அறிவுரை கூறச் சென்ற அம்மையார், நாட்டின் வறுமையைப் பாடமாகக் கற்றுத் திரும்பினார்.

1922-ஆம் ஆண்டில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, அம்மையார் மனங்கலங்கவில்லை. அயல்நாட்டுத் துணியைத் துறந்து இராட்டையை மேற்கொள்ளுமாறு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். உப்பு அறப்போர்க் காலத்தில் கள்ளுக்கடைகளின் முன்னே மகளிரோடு நின்று மறியல் செய்தார். அதன்பின் பலமுறை சிறை சென்றார். 1939-ஆம் ஆண்டில், தாம் புகுந்த வீட்டின் ஊராகிய ராஜ்கோட்டில் மக்கள் உரிமைக்காகக் கிளர்ச்சி எழுந்தது. எழுபது வயதை நெருங்கிய நிலையிலும் அவர் அங்கே சென்று காவலில் வைக்கப்பட்டார்.

தாய் உள்ளம்

ஆசிரமத்தார் அனைவரும் அவரைப் பா என்று அழைத்தனர். அன்னை என்பது அதன் பொருள். சமையற்கூடத்தைப் பேணுவதும், வந்தோர்க்கு உணவளிப்பதும், நோயுற்றோரைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. அறம் பெரிதென்று கணவர் கடுமையாக நிற்கும் இடத்தில், பசித்தவர் யார், வாடியவர் யார் என்று பார்ப்பது அன்னையின் இயல்பு.

இளைய மைந்தர் தேவதாஸ், இராசகோபாலாச்சாரியாரின் மகளாகிய லட்சுமியை மணக்க விரும்பினார். இருவரும் வெவ்வேறு குலத்தினர். தந்தையர் இருவரும் அவர்களைச் சில ஆண்டுகள் பிரிந்திருந்து காத்திருக்குமாறு பணித்தனர். அன்பு மாறாததைக் கண்டு, 1933-ஆம் ஆண்டில் பூனாவில் மணம் நிகழ்த்தப்பட்டது. இவ்வாறு தமிழ்நாட்டு மகள் ஒருத்தி கஸ்தூரிபாயின் மருமகளானாள்.

மூத்த மைந்தர் ஹரிலாலோ அன்னையின் ஆறாத் துயரம். தாம் விரும்பிய கல்வியைத் தந்தை அளிக்கவில்லை என்னும் மனக்குறை அவரைக் குடும்பத்தினின்று பிரித்தது. இளம் மனைவியின் மறைவுக்குப் பின் அவர் மதுவுக்கு அடிமையாகி ஊர் ஊராக அலைந்தார். ஒருமுறை காந்தியடிகளும் அம்மையாரும் சென்ற தொடர்வண்டி கட்னி என்னும் நிலையத்தில் நின்றது. கூடியிருந்த மக்கள் காந்தியடிகளை வாழ்த்தி முழங்கினர். அவ்வொலியினிடையே அன்னை கஸ்தூரிபாயை வாழ்த்தும் குரல் ஒன்று தனித்துக் கேட்டது. கந்தல் உடையும் மெலிந்த உடலுமாக ஹரிலால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தாயிடம் கொடுத்து, அது தாய்க்கு மட்டுமே உரியது என்று கூறினார். தந்தையின் பெருமையெல்லாம் தாயால் வந்தது என்றும் சொன்னார். தம்மோடு வந்துவிடுமாறு தாய் வேண்டினார். மைந்தர் கண்ணீரோடு மறுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. மைந்தனுக்குத் தின்ன ஒன்றும் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் அன்னைக்கு நினைவு வந்தது. தம் கூடையிலிருந்த பழங்களை அள்ளிக்கொண்டு பலகணியை நோக்கி விரைந்தார். அதற்குள் வண்டி நிலையத்தைக் கடந்துவிட்டது. நாடு முழுவதும் அன்னை என்று போற்றிய அவருக்கு, சொந்த மைந்தனின் பசியைப் போக்க இயலாத அந்நொடியினும் கொடிய சிறை வேறில்லை.

இறுதிச் சிறை

1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் விடியற்காலையில் பம்பாயில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அன்று மாலை சிவாஜி பூங்காவில் அவர் பேசவிருந்த கூட்டத்தில் தாம் பேசுவதாகக் கஸ்தூரிபாய் அறிவித்தார். கூட்டத்துக்குச் செல்லுமுன் அவரும் கைது செய்யப்பட்டார். சில நாள்களில் பூனாவில் உள்ள ஆகாகான் மாளிகையில் கணவரோடு அவரும் காவலில் வைக்கப்பட்டார். அம்மாளிகையே அவருடைய கடைசி இல்லமாயிற்று.

ஆகஸ்டு 15-ஆம் நாள், காந்தியடிகளின் செயலாளராகிய மகாதேவ தேசாய் அங்கேயே திடீரென்று உயிர் நீத்தார். கஸ்தூரிபாய்க்கு அவர் மற்றொரு மைந்தர்போன்றவர். முதியவளாகிய தான் இருக்க, இளையவன் சென்றானே என்று அன்னை பலநாள் வருந்தினார். மாளிகையின் ஓரத்தில் அமைந்த அவர் சமாதிக்கு மலர் சார்த்தி வழிபட்டு வந்தார்.

சிறைப்பட்ட அந்நாள்களில் காந்தியடிகள் மீண்டும் ஆசிரியரானார். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு தடைப்பட்ட பாடம் தொடங்கியது. எழுபத்து மூன்று வயது மாணவியார் குஜராத்தி மொழியையும் நிலநூலையும் பயின்றார். பாடங்கள் எளிதில் மனத்தில் நிற்கவில்லை. எனினும் கற்கும் ஆவல் குன்றவில்லை.

1943-ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்கு நெஞ்சுநோய் முற்றியது. உடன் சிறைப்பட்டிருந்த மருத்துவர் சுசீலா நய்யார் மருத்துவம் செய்தார். தாயை இழந்த மனு என்னும் உறவுப்பெண்ணை அன்னை மகளாகப் பேணி வந்தார். இப்போது அவள் அன்னைக்குப் பணிவிடை செய்தாள். வெளியிலிருந்து மருத்துவரை அழைக்க அரசாங்கத்தின் இசைவு காலந்தாழ்த்தே கிடைத்தது. அவ்வாறு வந்த ஆயுர்வேத மருத்துவர் இரவில் மாளிகைக்குள் தங்க முதலில் இசைவு பெறாமல், வாயிலின் வெளியே மோட்டார் வண்டியில் உறங்க நேர்ந்தது. அம்மையாரை விடுதலை செய்ய அரசாங்கம் முன்வரவில்லை.

பென்சிலின் என்னும் மருந்து அப்போதுதான் புதிதாக வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது கல்கத்தாவிலிருந்து வானூர்தியில் தருவிக்கப்பட்டது. அதனைச் செலுத்திப் பார்க்க வேண்டுமென்று தேவதாஸ் மன்றாடினார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி குத்த வேண்டுமென்று அறிந்த காந்தியடிகள், பிழைக்கும் நம்பிக்கை அற்ற உடலை வருத்த வேண்டா என்று தடுத்தார். தாயின் உயிரை எவ்வாறேனும் காக்கத் துடித்தது மைந்தனின் அன்பு. அவர் அமைதியாகச் செல்ல வேண்டுமென்று விரும்பியது கணவரின் அன்பு. இவற்றுள் எது சரி என்பதைக் குறித்து அறிஞர் இன்றும் வெவ்வேறு கருத்துக் கூறுவர். மைந்தர் கண்ணீரோடு தந்தையின் சொல்லுக்கு இணங்கினார்.

1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், சிவராத்திரியன்று மாலை 7 மணி 35 நிமிடத்துக்கு, கணவரின் மடியில் தலை சாய்த்த நிலையில் கஸ்தூரிபாய் உயிர் நீத்தார். முன்பு நோயுற்றபோது அவர் விரும்பிக் கேட்ட முடிவு, பல ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிட்டியது.

நினைவு

மறுநாள் அன்னையின் உடலுக்கு, காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலை போர்த்தப்பட்டது. மாளிகைத் தோட்டத்தில், மகாதேவ தேசாயின் சமாதிக்கு அருகே சிதை அடுக்கப்பட்டது. தேவதாஸ் எரியூட்டினார். வெயில் ஏறியும் காந்தியடிகள் ஒரு மரத்தடியில் அமர்ந்து சிதையை நோக்கிய வண்ணம் இருந்தார். சென்று இளைப்பாறுமாறு அன்பர்கள் வேண்டினர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தவரை இறுதி வேளையில் விட்டுச் செல்வது எவ்வாறு என்று கூறி, அவர் எழ மறுத்தார். பின்னர்ச் சாம்பலைத் திரட்டியபோது, அன்னை அணிந்திருந்த கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடைத்தனவாம்.

மனைவியின் துன்பம் தீர வேண்டுமென்று எண்ணி அவர் மரணத்தை வரவேற்றவர் காந்தியடிகள். ஆயினும் இழப்பு தாம் நினைத்ததினும் பெரிதாக இருப்பதை அவர் ஒளிக்கவில்லை. அன்னை இல்லாத வாழ்வைத் தம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை என்று உடனிருந்தோரிடம் கூறினார். திங்கள்தோறும் 22-ஆம் நாளை வழிபாட்டோடு நினைவுகூர்ந்து வந்தார். பற்றற்றவர் என்று உலகம் போற்றிய பெரியாரின் உள்ளத்திலும் அன்பின் வடு ஆழமாக இருந்தது. அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

அன்னையின் பெயரால் நிதி திரட்ட நாட்டுத் தலைவர்கள் முனைந்தனர். 75 இலட்சம் ரூபாய் வேண்டுமென்று எண்ணினர். மக்கள் அதற்கு மேலும் வாரி வழங்கினர். அப்பணத்தைச் சிலை அமைக்கவோ மாளிகை எழுப்பவோ காந்தியடிகள் விரும்பவில்லை. சிற்றூர்களில் வாழும் பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் கல்வியும் மருத்துவமும் அளிப்பதே தக்க நினைவுச் சின்னம் என்று வகுத்தார். அவ்வாறு தோன்றியதே கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை. அதன் தலைமையிடம் இந்தூரில் கஸ்தூரிபாகிராமத்தில் அமைந்தது.

தமிழ்நாட்டிலும் அன்னையின் பெயர் வாழ்கிறது. மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் இராமச்சந்திரனும் 1947-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்குள்ள மருத்துவமனைக்குக் கஸ்தூரிபா பெயரே சூட்டப்பட்டது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1885-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழைய மகளிர் மருத்துவமனையும் இன்று அன்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த நாளாகிய ஏப்ரல் 11-ஐ, தாய்மார்களின் பாதுகாப்பான மகப்பேற்றுக்குரிய தேசிய நாளாக இந்திய அரசு 2003-ஆம் ஆண்டில் அறிவித்தது. முதற்குழந்தையை இழந்து வருந்திய ஒரு தாயின் பெயரால், எத்தனையோ குழந்தைகள் நலமாகப் பிறந்து வருகின்றன.

வள்ளியம்மை மறைந்த அதே பிப்ரவரி 22-ஆம் நாளில், சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, கஸ்தூரிபாயும் மறைந்தார். ஒருத்தி பதினாறு வயதுப் பெண். மற்றவர் எழுபத்து நான்கு வயது முதியவர். இருவரும் மேடை ஏறிப் பெயர் தேடியவர் அல்லர். அறமென்று உணர்ந்ததன்பொருட்டுச் சிறைத் துன்பத்தை ஏற்று உயிர் கொடுத்தவர்கள். அன்புடையார்க்கு எதிர்த்து நிற்கவும் தெரியும். விட்டுக் கொடுக்கவும் தெரியும். இரண்டையும் எப்போது செய்வது என்று அறிந்து வாழ்ந்தவர் அன்னை கஸ்தூரிபாய். நம் இல்லங்களில் ஓசையின்றி உழைக்கும் அன்னையரின் சொல்லுக்குச் செவி சாய்ப்பதும், அவர்தம் உழைப்பை உயிரோடிருக்கும்போதே மதிப்பதும் அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.